சுவர் காயும் வரை

கண்டி
19.01.1968

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் முழங்காலும் உன் வீட்டுக்காரர் வீரையாத் தம்பியின் வயிறும் சொன்ன பேச்சுக் கேட்கின்றனவா? பொங்கலுக்கு நீ அனுப்பிய பலகாரத்தில் சீனி அதிகம். இருந்தாலும் தின்று முடித்தேன்.

ஒரு நல்ல செய்தி. கொழும்பு வானொலி என் நாடகத்தை எடுத்துக்கொண்டது. 'பெரியதம்பி வீட்டுக் கல்யாணம்.' மார்ச் ஏழாம் திகதி தொடங்கி வியாழக்கிழமை தோறும், இருபது வாரம். கதைச் சுருக்கத்தைப் பார்த்தே ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வாரத்துப் பிரதியும் இரண்டு வாரம் முன்னதாகக் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு தடவை தவறினால் நாடகத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைத் தனபாலன் என்ற இளைஞனுக்குக் கொடுப்பார்களாம். அவன் நகைச்சுவை எழுதுகிறவன். ஒன்று கேட்டேன். அதில் ஓர் ஆள் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுகிறான். வானொலியில்.

கோயிலிலும் மாதர் சங்கத்திலும் கொன்வென்ட் பழைய மாணவியர் கூட்டத்திலும் செய்தியைச் சொல்லிவிட்டேன். ஆகவே எழுதியே தீரவேண்டும்.

முன்னறையை எழுதும் அறையாக்கினேன். மேசை, கதிரை, புதுப் பேனா எல்லாம் ஆயத்தம். பதினொரு நாளாக உட்காருகிறேன். 'சுப்பம்மா உள்ளே வருகிறாள்' என்று எழுதினேன். வந்தாள். பதினொரு நாளாக நின்றுகொண்டிருக்கிறாள்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பல்லுக் காட்டப் போன இடத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை கிடந்தது. வேலை செய்யும் அறையின் சுவர் நிறம் கற்பனையைக் கிளப்பும், அல்லது அமுக்கும் என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். வெள்ளை அமுக்குமாம். என் அறை வெள்ளை. கொன்வென்டில் எங்கள் வகுப்பறைகளும் வெள்ளைதான். அங்கே யாராவது கற்பனை செய்தால் மதர் முழங்காலில் நிறுத்துவார். நான் மஞ்சள் அடிக்கப் போகிறேன்.

இப்போதைக்கு நேரில் வராதே. கண்டால் அரை மணியில் நமக்குள் வாக்குவாதம் வரும். கடிதம் என்றால் நான்கு நாள் தள்ளித்தான் வரும்.

அன்புடன்,
ரத்தினம்மா ராஜலிங்கம்


நாவலப்பிட்டி
27.01.1968

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள அண்ணிக்கு நல்லம்மா எழுதிக்கொள்வது. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீங்களும் அப்படியே இருக்கணும்னு சாமியக் கும்பிடுறேன். மழை வர்றத என் முழங்கால் முதல் நாளே சொல்லிருது. ரேடியோவ விட சரியா சொல்லுது.

ஒங்க நாடகத்தப் பத்தி எங்க வீட்டுக்காரர் ரயில் முழுக்கச் சொல்லிட்டார். கார்ட் வேலையில அது ஒரு வசதி. டிக்கெட் இல்லாம வந்தவன்கிட்டயும் நாடகத்தச் சொல்லிட்டுத்தான் இறக்கி விட்டாராம்.

மஞ்சள் எதுக்கு அண்ணி? தோட்டத்து டிஸ்பென்சரி மாதிரி இருக்குமே. எங்க வீட்டுச் சுவர் ரயில் புகையில என்ன நிறம்னே தெரியல. ஆனா கற்பனைக்கு ஒரு கொறையும் இல்ல. நேத்து ஏன் லேட்டுன்னு ஒங்க தம்பிகிட்ட கேட்டேன். அவர் சொன்ன பதில நீங்க கேட்டிருக்கணும்.

கோவிக்காம பதில் போடுங்க.

ஒங்க அன்பு நாத்தனா
நல்லம்மா


கண்டி
20.02.1968

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டுகிறேன். டிஸ்பென்சரி என்று நீ எழுதியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு வாரத்துப் பிரதிகள் கொழும்புக்குப் போய்விட்டன. மஞ்சள் வேலை செய்கிறது.

அடித்தவர் கட்டுகஸ்தோட்டை ஸெய்னுலாப்தீன். வேலை சுத்தம், ஆனால் முறை நீளம். வாளியில் கலக்கிய நிறத்தை உள்ளங்கை அகலத்துக்குச் சுவரில் தடவிவிட்டு மட்டைத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காய்ந்த பிறகுதான் சரி பிழை சொல்லலாமாம். வாவிப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் உள்ளீரம் இருப்பதால் மாசி வெயிலிலும் மூன்று மணி நேரம் பிடிக்குமாம். இப்படி ஏழு தடவல். நான்கு நாள்.

அறையில் சுண்ணாம்பு நெடி தாங்கவில்லை. மேசையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டேன். சுவர் காயும் வரை அவரும் படியில் பிளேன்டீயோடு இருந்தார். அறை எதற்கு என்று கேட்டார், சொன்னேன். வாசியுங்கள் பார்ப்போம் என்றார். மரியாதைக்காக வாசித்தேன். பெரியதம்பி வேலையால் வந்து, "சுப்பம்மா, களைத்து வந்திருக்கிறேன், கதவைத் திற" என்று சொல்லும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"எந்த ஊருல அம்மா மனிசன் இப்பிடிக் கதைக்கிற? களச்சி வாற மனிசன் வாசல்ல நிண்டு இருமுவான். அந்த இருமல்லயே பொஞ்சாதிக்கு விளங்கும், பசியா, வேலத்தளத்துல சண்டையா எண்டு."

நாடகத்துக்குச் சொல் வேண்டும் என்று விளக்கினேன்.

"இருமலும் சொல்லுத்தான்" என்றார்.

சுண்ணாம்பு அடிக்க வந்தவரோடு வாதாட எனக்கு என்ன தேவை? ஐந்து மணி வரை வாதாடினேன். அவர் வாயை அடைப்பதற்காகவே அந்த இடத்தை மாற்றி எழுதினேன். மறுநாள் அதற்கு அடுத்த இடத்தில் குறை கண்டார். அதையும் மாற்றினேன். அப்படியே நான்கு பிரதிகள் முடிந்தன.

இப்போது வேலை முடிந்து ஆளை அனுப்பியாகிவிட்டது. இனி மஞ்சள் அறையில் தொந்தரவில்லாமல் எழுதலாம்.

அன்புடன்,
ரத்தினம்மா ராஜலிங்கம்


நாவலப்பிட்டி
16.03.1968

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள அண்ணிக்கு, நாங்க சுகம், ஒங்க சுகத்துக்கு எழுதுங்க.

ரெண்டு வாரமும் கேட்டோம். ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க எங்க வீட்டுல. பெரியதம்பி வாசல்ல வந்து இருமினதும் எல்லாரும் சிரிச்சாங்க. பாப்பம்மா அக்கா அவுங்க புருஷனத் திரும்பிப் பார்த்தாங்க. அவர் முகட்டப் பார்த்தார்.

நான் சிரிக்கல அண்ணி. அண்ணன் ஹேவாஹெட்டத் தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வந்து நிக்கிற மாதிரியே இருந்திச்சு. எந்திரிச்சு எங்க வீட்டு வாசலப் பார்த்தேன். அண்ணன் போயி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் அந்த இருமல் எனக்கு மறக்கல. ஒங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நாடகம் முடிஞ்சதும் பேர் சொல்றாங்களே, அதுல அந்தச் சுண்ணாம்புக்காரர் பேரையும் சேர்க்கச் சொல்லுங்க. பாதி அவர்தான் எழுதினார் போல.

ஒங்க அன்பு
நல்லம்மா


கண்டி
25.03.1968

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அவ்வாறே என்று அறிந்து மகிழ்ச்சி. உன் கடிதத்தின் நடுப்பகுதியில் மை ஊறியிருந்தது, வாசிக்க முடியவில்லை. கடைசிப் பகுதி தெளிவாகவே இருந்தது. என் பிரதியில் யாரும் ஒரு சொல்லும் எழுதித் தரவில்லை.

மஞ்சளின் சக்தி மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது. அறையில் தனியே உட்கார்ந்தால் சுப்பம்மா மறுபடி வந்து நிற்கிறாள். ஐந்தாம் பிரதிக்கு ஐந்தே நாள் இருந்தது. மஞ்சள் ஆரம்பத்துக்குத்தான் நல்லது, நடுப்பகுதிக்குப் பச்சை வேண்டும் என்று எனக்கே தெளிவாகிவிட்டது. ஸெய்னுலாப்தீனுக்குச் சொல்லி அனுப்பினேன். பச்சை கடினமான நிறமாம். பதினொரு தடவல். ஆறு நாள்.

ஐந்து பிரதிகள் எழுதி அனுப்பிவிட்டேன். கல்யாணத் தரகர் முதல் நாளே உண்மை பேசுவது பிழை என்று ஸெய்னுலாப்தீன் ஒரே பிடியாக நின்றார். "மூணாம் நாள்தான் அம்மா உண்மை வரும், அதுவும் பாதி" என்றார். மாற்றினேன். பச்சையின் பலன் அது.

ஒரு சங்கடம். பச்சைக் கட்சிக்காரரான எதிர்வீட்டு முதலாளி யன்னல் வழியே பச்சையைக் கண்டுவிட்டு, வரும் தேர்தலில் நான் அவர்கள் கட்சி என்று எண்ணி வந்து கைகூப்பினார். நீலக் கட்சிக்காரியான பக்கத்து வீட்டு அம்மா அன்றிலிருந்து கறிவேப்பிலை பறிக்க வருவதில்லை. கறிவேப்பிலை மரம் என்னுடையது, நட்டம் அவருக்கு.

அன்புடன்,
ரத்தினம்மா ராஜலிங்கம்


நாவலப்பிட்டி
18.04.1968

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள அண்ணிக்கு, புது வருஷம் ஒங்களுக்கு நல்லபடியா அமையட்டும். எங்களுக்கு வருஷப் பொறப்பு அன்னைக்கே முழங்கால் வலியோட அமைஞ்சிருச்சு.

ஒண்ணு சொல்லணும். மறைக்கக் கூடாது. கண்டி ஸ்டேஷன்ல எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்திச்சாம். "வாவி மேட்டுல, செத்துப்போன பெரிய கிளாக்கர் ராஜலிங்கத்தாரு சம்சாரம் இருக்காங்களே, அவுங்க விறாந்தையில ஒரு ஆள் பொழுதன்னைக்கும் ஒக்காந்து டீ குடிக்கிறாராம். கேட்டா சுவர் காயுதுங்கிறாங்களாம்." எங்க வீட்டுக்காரர் விசில் ஊத மறந்து ரயில் அஞ்சு நிமிஷம் லேட்.

நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல. எனக்கு வேற ஒரு சந்தேகம். நிறம் அடிச்ச சுவர் உள்ள இருக்கு. நீங்க, அவர், மேசை, பேனா எல்லாம் வெளிய. அப்புறம் அந்த நிறம் எப்படி அண்ணி ஒங்க தலைக்குள்ள போவுது?

ஒங்க அன்பு
நல்லம்மா


கண்டி
22.04.1968

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

நலம். நலமறிய அவா.

ஸெய்னுலாப்தீனுக்கு வயது எழுபத்தொன்று. பல் நான்கு. கட்டுகஸ்தோட்டையில் கைரியா என்ற மனைவியும் ரபீகா என்ற மகளும் இருக்கிறார்கள். கண்டி ஸ்டேஷனில் இந்த விவரங்களை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடும்படி வீரையாத் தம்பியிடம் சொல்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: வெளிச்சம் நேர்கோட்டில் செல்லும். அறைக் கதவு திறந்திருந்தால் சுவரின் நிறம் விறாந்தைக்கு வரும். கொன்வென்டில் பௌதிகம் படித்த எவருக்கும் இது தெரியும்.

பச்சை அரசியலாகிவிட்டது. பத்தாம் பிரதியும் நகர மறுக்கிறது. நாளை நீலம் ஆரம்பிக்கிறது. அது மற்றக் கட்சி என்று தெரியும். எதிர்வீட்டார் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். இனி அடுத்த வீட்டாரின் முறை. இந்த விஷயத்தில் இதுவே என் கடைசி வார்த்தை.

ரத்தினம்மா ராஜலிங்கம்


நாவலப்பிட்டி
06.05.1968

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள அண்ணிக்கு, சுகம். ஒங்க சுகம் எப்படி? கோவம் தணிஞ்சுதா? நீலம் காஞ்சுதா?

ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், பதில் தெரிஞ்சா எழுதுங்க. ஹேவாஹெட்டத் தோட்டத்து வீட்டுல இருந்து இருபது வருஷம் பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதினீங்களே. அந்த அறைச் சுவருக்கு என்ன நிறம்?

நல்லம்மா


கட்டுகஸ்தோட்டை
27.05.1968

சங்கைக்குரிய ரத்தினம்மா ராஜலிங்கம் அம்மா அவர்களுக்கு,

ஸெய்னுலாப்தீன் சொல்ல மகள் ரபீகா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

ரோஸ் நிறம் அடிக்க வரும்படி எழுதிய போஸ்ட்காட் கிடைத்தது. நான் வர மாட்டேன். கோபமில்லை. அந்தச் சுவரில் வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு பூச்சு இருக்கிறது. ஐந்தாவது வைத்தால் எல்லாம் சேர்ந்து அப்பளம் போல எழும்பி விழும். நாற்பத்தைந்து வருடத்தில் நான் அடித்த எதுவும் உரிந்து விழவில்லை. கடைசிக் காலத்தில் அந்தப் பெயர் வேண்டாம்.

இன்னொரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்தச் சுவர் அரை மணியில் காயும் சுவர். மாசியிலும் அப்படித்தான், பங்குனியிலும் அப்படித்தான். கல்யாணம் சரிவருமா வராதா என்று தெரியாமல் எழும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் உள்ளீரம் என்றேன். அப்படி ஒன்று இல்லை. பொய் சொன்னதை மன்னிக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஸெய்னுலாப்தீன்

வாப்பாவுக்குத் தெரியாமல் ரபீகா எழுதுவது: வாப்பா ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து நீங்கள் வாசித்ததை எல்லாம் உம்மாவுக்கு நடித்துக் காட்டுவார். உம்மாவுக்குப் பல ஆட்சேபணைகள் உண்டு.


கண்டி
31.05.1968

திரு. ஸெய்னுலாப்தீன் அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலம் என்றறிந்தேன். நானும் நலம்.

உள்ளீரம் பற்றி: முதல் நாள் காலை பத்து மணிக்கே நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஆகவே மன்னிப்புக்கு இங்கே வேலையில்லை.

சுவர் விழுமா விழாதா என்பதை நேரில் பார்த்து உறுதி செய்வது அதற்கு நிறம் அடித்தவரின் பொறுப்பு. திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மனைவியாருடன் வரவும். பரிசோதனை ஐந்து மணி வரை நீடிக்கக்கூடும். அந்த நேரம் வீணாகாமல் இருக்க அடுத்த பகுதியை வாசிக்கலாம் என்றிருக்கிறேன். நேற்றுக் கொழும்பு சேர்ந்திருக்க வேண்டிய பிரதி போகவில்லை. வரும் வியாழனும் போகாவிட்டால் தனபாலன் வந்துவிடுவான்.

மனைவியார் தமது ஆட்சேபணைகளை மறந்துவிடாமல் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ரத்தினம்மா ராஜலிங்கம்


நாவலப்பிட்டி
14.06.1968

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமா ஒரு வரி இல்ல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நேத்து எல்லாரும் ரேடியோ முன்னாடி ஒக்காந்திருந்தோம். நாடகத்துக்குப் பதிலா அரை மணி நேரம் பாட்டுப் போட்டாங்க. "கல்யாணம் என்னாச்சு"ன்னு பாப்பம்மா அக்கா என்னையே கேக்குறாங்க, என்னமோ நான்தான் பொண்ணு வீட்டுக்காரி மாதிரி. எனக்கு வேற பயம். நான் கேட்ட கேள்விதான் ஒங்களுக்கு எழுத வரவிடாமப் பண்ணிருச்சோன்னு.

அந்தக் கேள்வி வேணாம் அண்ணி. மறந்திருங்க. சும்மா ஒரு கடுதாசி போடுங்க. திட்டியாவது போடுங்க.

நல்லம்மா


கண்டி
24.06.1968

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு எண்ணெய் ஒன்று அனுப்புகிறேன்; சூடு பண்ணித் தடவ வேண்டும், நீ சோம்பலில் சும்மா தடவுவாய். திட்டு கேட்டாய், தந்துவிட்டேன்.

ஒரு தடவைதான் தவறியது. மறு தடவை தவறவில்லை. மூன்றாம் திகதி பிற்பகல் ஸெய்னுலாப்தீனும் கைரியாவும் வந்தார்கள். கைரியா உள்ளே போய் ஒரு விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தார். யன்னலோரம் ஒரு துண்டு கழன்று விழுந்தது. நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை எல்லாம் அதில் வரிசையாகத் தெரிந்தன. "இதப் பாத்து ஆருக்கும் ஒண்டும் வராது. கதவச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு விறாந்தைக்கு வந்து உட்கார்ந்தார்.

வாசித்தேன். தரகர், சீர், சாதகம், பெரியதம்பியின் இருமல் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நாலு மாசமா கல்யாணம் பேசுறீங்க. அந்தப் புள்ளக்கிட்ட ஆராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஸெய்னுலாப்தீன், "அது வந்து..." என்று தொடங்கினார்.

"நீங்க சும்மா ஈங்க. நீங்களும் கேக்கல்லதானே."

உள்ளே போய்ப் பழைய பிரதிகளை எடுத்து எண்ணினேன். பதினான்கு வாரத்தில் பெரியதம்பியின் மகள் புனிதத்துக்கு நான் கொடுத்தது நான்கு வசனம். அதில் மூன்று, "சரி அம்மா." கொன்வென்டில் படித்த நான் எழுதியது. வெட்கமாக இருந்தது. அன்றே தொடங்கினேன், அவள் பேசினாள். ஐந்து பிரதிகள் கொழும்புக்குப் போய்விட்டன. போன வியாழன் அவள் வாய் திறந்ததைக் கேட்டிருப்பாய். மீதி என்ன சொன்னாள் என்பதை வரும் வியாழன் கேட்டுத் தெரிந்துகொள். பாப்பம்மாவின் புருஷனையும் உட்கார வை.

இருவரும் திங்களும் புதனும் வருகிறார்கள். யாராவது கேட்டால் சுவரைப் பரிசோதிக்கிறார்கள். இப்போது என் விறாந்தையில் இரண்டு பேர் பிளேன்டீ குடிக்கிறார்கள் என்று கண்டி ஸ்டேஷனுக்குத் தெரிவித்துவிடு. கணக்குப் பிழையாக இருக்கக்கூடாது.

இனி உன் கேள்வி. ஏழு வாரமாக யோசிக்கிறேன். அந்த அறையில் எந்த அலுமாரி எங்கே நின்றது, எந்த இழுப்பறை இறுகும், எந்தக் கண்ணாடியில் கீறல் எல்லாம் சொல்வேன். சுவரின் நிறம் வரவில்லை. கதவுக்கு இடப்பக்கம் உன் அண்ணனின் கதிரை இருந்தது. ஒரு வரி வாசித்தால் போதும், "இப்படி ஒருத்தியும் பேசமாட்டா, ரத்தினம்" என்பார். நான் பேனாவை மேசையில் அடிப்பேன். இருபது வருடமும் அவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டிருந்ததில் சுவரைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தில் மை ஊறவில்லை. வாசித்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் புறப்பட்டு வா. விறாந்தையில் உனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறேன். வந்த அரை மணியில் வாக்குவாதம் வரும். வரட்டும். கடைசிப் பகுதி இன்னும் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணி